களி ஆறட்டும்

மாணாக்கன் ஆசிரியனிடம் வந்து சொல்லுக்குப் பொருள் கேட்பது நம் மரபிற்குப் புதியதன்று. பொருளைக் காட்டி அதற்குச் சொல் கேட்பது அரிது. சென்ற மார்கழியில் என்னிடம் அப்படி ஒரு கேள்வி வந்தது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, பதுளையில் என்னிடம் தமிழ் கற்று, பின்னர் கனடாவிற் குடியேறிவிட்ட ஒருவன் கடிதம் எழுதியிருந்தான். பனிக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். வெளியே நடமாட வழியில்லையாம். அந்நாட்டுச் சட்டம் தடுக்காதபடியால், பொழுதுபோக்காகத் தன் வீட்டிற்கென்று சிறிதளவு பியர் காய்ச்சிப் பழகுகிறானாம். அதற்கு வேண்டிய மதுவம் குளிரூட்டப்பட்டு, நீர்மமாகக் குப்பியில் வருகிறதாம். "ஐயா, முளைகட்டிய பார்லியின் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆற்றி, அதன்பின் இந்த மதுவத்தை அதில் இடுகிறோமே, அந்தச் செயலுக்குத் தமிழில் என்ன பெயர்? இங்கே உள்ளவர்கள் 'எறிதல்' என்று பொருள்படும் ஒரு சொல்லை வழங்குகிறார்கள். என் பிள்ளைகள் தமிழ்ச் சொல் கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை" என்று முடித்திருந்தான்.

கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு உண்டானது சினமே. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பத்துப் பாட்டும் மனனஞ் செய்வித்தவன் நான். அவனும் மனனஞ் செய்து ஒப்புவித்தவனே. அவனுடைய தந்தையார் எப்படி மாண்டார் என்பது எனக்குத் தெரியும். என் தந்தையார் எப்படி மாண்டார் என்பது அவனுக்குத் தெரியும். இருவரும் ஒரே விதமாகத்தான் மாண்டார்கள். கடிதத்தை மடித்து இலக்கண நூலொன்றினுள் வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அதனை மறுபடியும் எடுக்கும்படி செய்தவர் என் தாயார். அன்று சனிக்கிழமை மாலை. எழுபத்தெட்டு வயதாகும் அவர் அடுப்படியில் அமர்ந்து மறுநாள் அப்பத்துக்கு மாக் கரைத்துக்கொண்டிருந்தார். பச்சையரிசி மாவிலிருந்து அரித்தெடுத்த கப்பியை நீர்விட்டுக் களியாகக் காய்ச்சி இறக்கி, அகன்ற தட்டிலே ஊற்றிப் பரப்பியிருந்தார். பக்கத்தில் மண்பானை. அதன் அடியில் சென்ற கிழமை மாவிலிருந்து எடுத்து வைத்த ஓர் அகப்பை மா, சிறு சிறு குமிழிகளுடன் இருந்தது. அதற்கு அவர் இட்டிருக்கும் பெயர் 'பழசு'. "அம்மா, பழசை ஊற்றலாமா?" என்று என் மனைவி கேட்டாள். தாயார் தட்டின் அடியிலே புறங்கையை வைத்துப் பார்த்து, "களி ஆறட்டும்" என்றார்.

கனடாவில் இருப்பவன் கேட்டதும் இதுதானே! கொதித்தது ஆறவேண்டும், ஆறியதில் உயிருள்ளதை இடவேண்டும். மடித்து வைத்த கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை நான் ஆண்டுக்கணக்காகப் பாடஞ் சொல்லி வருகிறேன். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அது. காஞ்சிக்குப் போகும் வழியில், வலைஞர் குடியிருப்பிலே பாணனுக்குக் கிடைக்கும் விருந்தைச் சொல்லும் இடத்தில், வீட்டிற் கள் சமைக்கும் முறையைப் புலவர் படிப்படியாக விவரிக்கிறார். நன்கு தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல். அதனை 'பிழா' என்னும் வாயகன்ற தட்டுப் பாத்திரத்தில் இட்டு நன்றாக ஆற்றுதல். நல்ல முளையின் அடையை அதனோடு அளாவுதல். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்படி உறுதியான வாயையுடைய சாடியில் வைத்தல். இளமை நீங்கி விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்து வடித்தல். இவ்வளவும் ஏழெட்டு அடிகளுக்குள் அடங்கிவிடும். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லுக்குச் சொல் பொருள் விரித்திருக்கிறார். உ. வே. சாமிநாதையர் 1889இல் அப்பதிப்பை வெளியிட்டபின் நம் கைக்கும் அது எளிதாகக் கிட்டியது.

'பிழா என்பது வாயகன்ற பாத்திரம்' என்று மாணாக்கர் ஏட்டில் எழுதச் செய்திருக்கிறேன். குடத்தில் ஊற்றாமல் ஏன் வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றினார்கள் என்று நானும் கேட்கவில்லை; மாணாக்கரும் கேட்கவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வருவதில்லை.

அதன் விடையை 2022ஆம் ஆண்டிலே, மிகுந்த நட்டத்தோடு நான் கற்றுக்கொண்டேன். அவ்வாண்டில் இந்நாடு பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிவாயு இல்லை, எண்ணெய் இல்லை, கோதுமை மாவின் விலை ஏறிய வேகத்தில் வெதுப்பகங்கள் பல மூடிக்கிடந்தன. பாண் வாங்குவதற்குக் காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்நாளில் எங்கள் வீட்டில் காலை உணவை ஓரளவு காப்பாற்றி வந்தது தாயாரின் பழசுப் பானைதான். ஈஸ்ட் வேண்டுவதில்லை, அரிசி மாவும் தேங்காயும் போதும்.

அப்போது தாயாருக்குக் கண்ணிற் புரை அகற்றும் சிகிச்சை நடந்தது. மனைவி அவருடன் வைத்தியசாலையில் இரண்டு இரவு தங்கியிருந்தாள். அவர்கள் திரும்பி வரும் காலையில் அப்பம் சுட்டு வைத்து வியப்பூட்டலாம் என்று நான் எண்ணினேன். கப்பியைக் காய்ச்சினேன். கொதிக்கக் கொதிக்க அப்படியே பானையிலிருந்த பழசின்மேல் ஊற்றி, மாவையும் போட்டுக் கலக்கி மூடிவைத்தேன். சூடு அதிகமாயின் விரைவிற் பொங்கும் என்பது என் கருத்து. விடிந்து திறந்து பார்த்தபோது மா சுண்ணாம்புக் கரைசல்போற் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. புளித்த வாசனையும் இல்லை.

தாயார் ஒரு கண்ணிற் கட்டோடு வந்து பானையருகே குனிந்து, விரலால் மாவைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். "கொன்னுட்டியேப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பழசுக்கு அப்போது ஏறத்தாழ ஐம்பது வயது. என் தம்பியைவிட மூத்தது.

அது எங்கள் வீட்டிற்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால், ஒரு கரண்டிப் புளித்த மாவுக்காக இவர் ஏன் இப்படிப் புலம்புகிறார் என்று வாசகர் நினைக்கக்கூடும்.

மலையிலே தென்னை குறைவு, பனை இல்லை. ஆனால் ஊவாவின் சரிவுகளில், தோட்டங்களுக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமங்களில் கித்துள் மரங்கள் உண்டு. கூந்தற்பனை என்று தமிழில் வழங்குவதும் அதுவே. அதன் பாளையைச் சீவி இறக்கும் சாறு காலையில் தேன்போல் இனிக்கும். அதைக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும் ஆகும். காய்ச்சாமல் விட்டால் வெயில் ஏற ஏற நுரைத்து, மாலைக்குள் கள்ளாகிவிடும். யாரும் அதில் எதையும் இடவேண்டியதில்லை. பாளையிலும் முட்டியிலும் காற்றிலும் வாழும் மதுவம் தானே புகுந்து தொழிலைத் தொடங்கிவிடும். அப்பத்துக்கு மாப் புளிக்கவைக்க அந்தக் கள்ளில் ஒரு சிறங்கை போதும். இலங்கையின் வீடுகளில் அப்பத்துக்குக் கள் விடுவது பழைய வழக்கம். பாணுக்குங்கூட முற்காலத்தில் கள்ளையே விட்டுப் புளிக்கவைத்தார்கள்.

என் தாயாரும் மணமாகி வந்த புதிதில் சனிக்கிழமை தோறும் கிராமத்திலிருந்து அரைப் போத்தல் கித்துட்கள் வாங்கி வந்திருக்கிறார். வாங்கி வந்த போத்தல் அடுப்படிக்குப் போய்ச் சேருவதற்குமுன் என் தந்தையார் அதனைக் காலிசெய்துவிடுவார். மாப் பொங்காது, அப்பமும் இராது. அது பெரிய குறையன்று. அரைப் போத்தலிற் பிறந்த தாகம் தவறணை வரையில் அவரை இட்டுச் செல்லும். சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போகும். இதுதான் குறை. ஒரு சனிக்கிழமை தாயார் போத்தலைப் பக்கத்துக் காம்பிராவிலே ஒளித்து வைத்து, இரவிலே மாவில் விட்டுக் கரைத்தார். மறுநாள் அப்பஞ் சுடுமுன் ஓர் அகப்பை மாவை எடுத்துத் தனிப் பானையில் வைத்தார். அடுத்த கிழமை அதையே ஊற்றினார். அன்று முதல் அவர் கள் வாங்கியதில்லை. பானையிலுள்ள பழசு உயிரோடிருக்கும்வரை வீட்டுக்குள் போத்தல் வரத் தேவையில்லை. அதற்காகவே அதனைக் காத்தார்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம் வந்தது. பங்கீட்டு மாவும் அரிசியும் அருகி, பட்டினியால் மக்கள் மாண்ட காலம் அது. எனக்கு அப்போது மூன்று நான்கு வயது. கிடைக்கும் மாவில் ஒரு கரண்டியைத் தாயார் கிழமைக்கொருமுறை பானையிற் போடுவாராம். "பிள்ளைக்குக் குடுக்காம பானைக்கு ஊட்டுறியே!" என்று பாட்டி ஏசியிருக்கிறார். "ஒரு கரண்டி மாவுல பிள்ளைக்கு வயிறு நெறையாது அத்தை. பானை செத்தா போத்தல் வந்துரும்" என்பது தாயாரின் மறுமொழி. நான் வளர்ந்தபின் இதைச் சொல்லும்போதும் அவர் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு கரண்டி மா அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆயினும் தந்தையார் தப்பவில்லை. கள்ளிலிருந்து கசிப்புக்கு மாறினார். சீனியையும் ஈஸ்டையும் பீப்பாயிற் கரைத்துப் புதைத்து வைக்கும் ஊறலைக் 'கோடா' என்பார்கள். அதை வடித்தெடுப்பது கசிப்பு. தேயிலைக்குள்ளும் ஓடைக்கரையிலும் அது இரவிலே வடியும். 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குவதைத் தடுத்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், அந்தப் புகை இன்றுவரை அடங்கவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அவர் ஈரல் கெட்டு இறந்தார். பதுளைக் கடைத்தெருவில் நான் இரண்டு பொட்டலம் ஈஸ்ட் ஒன்றாகக் கேட்டால், முதலாளி இன்றும், "ஐயா, அப்பத்துக்குத்தானே?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார். அந்தச் சிரிப்பின் உட்பொருள் எனக்கு விளங்கும்.

அப்பத்தைப் பொங்கவைப்பதும் கோடாவைப் பொங்கவைப்பதும் ஒரே உயிர். இதனைக் கண்டறிய மேனாட்டார்க்கு நெடுங்காலம் பிடித்தது. ஜெர்மனியின் பவேரியா நாட்டில் 1516ஆம் ஆண்டு பிறந்த கட்டளை, பியருக்கு வாற்கோதுமை, ஹொப்ஸ் பூ, நீர் ஆகிய மூன்றுமே சேரலாம் என்றது. நான்காவதாகிய மதுவம் அதில் இல்லை. அஃது ஓர் உயிர் என்பதை அந்நாளில் எவரும் அறியார். 1680இல் லீவன்ஹூக் என்னும் டச்சுக்காரர் தம் உருப்பெருக்கியால் பியரின் நுரையிற் சிறு உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவரும் அறியவில்லை. பிரான்சின் லூயி பாஸ்டர் பல்லாண்டு ஆய்ந்து, நொதித்தல் உயிரின் தொழில் என்று நிறுவி, 1876இல் பியரைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் 1883இல் ஒரேயொரு கலத்திலிருந்து தூய மதுவ வழியைப் பெருக்கிக் காட்டினார். அதனை அந்த நிறுவனம் பிற ஆலைகளுக்கும் விலையின்றி வழங்கியது. நம் நுவரெலியாவில் 1881இல் பியர் ஆலை அமைந்தபோது ஹான்சனின் இந்த முறை உலகிற் பிறந்திருக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாலை பிற்காலத்திற் கீழே பியகமைக்கு இறங்கிவிட்டது.

மதுவத்தின் ஒரு கலம் மில்லிமீற்றரில் இருநூற்றில் ஒரு பங்கு அளவினது. சீனியைத் தின்று, அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். அப்பத்துக்கு வேண்டியது பின்னது. பியருக்கு இரண்டும் வேண்டும். ஆனால் அரிசியிலும் பார்லியிலும் உள்ளது மாப்பொருள். மதுவத்தால் அதனை நேரே உண்ண இயலாது. தானியம் முளைக்கும்போது அதனுள் உண்டாகும் நொதியம் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும். அதனால்தான் பார்லியை முளைகட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையின் வலைஞரும் முளையின் அடையைச் சேர்த்தது இதற்கே. அந்த அடையின் புறத்தைப் புலவர் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோற்றுக்கு ஒப்பிடுகிறார். புற்றாஞ்சோறு என்பது கறையான்கள் வளர்க்கும் ஒருவகைப் பூஞ்சணத் தோட்டம் என்று இன்றைய அறிவியல் கூறும். உவமை வெறும் தோற்றத்தைக் குறித்ததாகவே இருக்கட்டும். ஆனாலும் அந்த அடையின்மேல் பூஞ்சணமும் மதுவமும் படர்ந்திருந்தன என்றும், அதைக் கண்ணாற் கண்டே புலவர் பாடினார் என்றும் நான் நம்புகிறேன். இமயமலைச் சாரலில் வாழும் மக்கள் இன்றும் மர்ச்சா என்னும் மா அடையைக் காயவைத்து, கள் சமைக்கும்போது நொறுக்கித் தூவுகிறார்கள். என் கருத்தை ஏற்காத பண்டிதர்கள் இருக்கக்கூடும். அவர்கள் ஒருமுறையேனும் அப்பத்துக்கு மாக் கரைத்துப் பார்த்துவிட்டு மறுத்துரைக்கட்டும்.

வாயகன்ற பிழாவுக்கு வருவோம். கொதிக்கும் களியை அதில் ஊற்றினால் பரப்பு அகன்று சூடு விரைந்து தணியும். மதுவக் கலம் 50 பாகை செல்சியசைத் தாண்டினால் தாங்காது. கொதிநிலைக்கு அருகில் கணமும் தரிக்காது. நான் ஊற்றிய கப்பி அதனைத்தான் செய்தது. நெடுநேரம் மெல்ல மெல்ல ஆறவிட்டாலும் கேடுண்டு. மதுவம் வருமுன் வேண்டாத பற்றீரியாக்கள் அக்களியிற் குடிபுகும். ஆகவே விரைவாக ஆற்ற வேண்டும், ஆறியவுடன் அளாவ வேண்டும், அளாவியவுடன் மூட வேண்டும். இம்மூன்றையும் புலவர் இம்முறையிலேயே வைத்திருக்கிறார். நான் சொற்பொருளை மட்டும் எழுதிப் போட்டுவிட்டுப் பாடத்தை முடித்துக்கொண்டேன்.

கனடாவிலிருந்து அவன் விவரித்த முறையும் இதிலிருந்து வேறன்று. எண்ணும் அளவும் மட்டும் கூடுதல். குப்பியில் வரும் மதுவத்தில் ஏறக்குறைய 10,000 கோடி கலங்கள் உண்டாம். ஒருவர் வீட்டிற் செய்யும் 20 லீற்றர் சாற்றுக்கு அது போதாது. நடுத்தரமான இனிப்புள்ள சாற்றில் ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் 90 இலட்சம் கலம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆக மொத்தம் 18,000 கோடி. குப்பியில் இருப்பவையும் நாட்செல்லச் செல்ல இறந்து குறையும். ஆதலால் முன்னதாகவே ஒரு சிறு ஊறலைத் தொடங்கிக் கலங்களைப் பெருக்குகிறார்கள். ஒரு லீற்றர் நீரில் 100 கிராம் முளைத்தானியச் சாற்றுப் பொடியைக் கரைத்துக் கால்மணி நேரம் கொதிக்கவைத்து, கைச்சூட்டிலும் குறைவாக, 20 பாகை அளவுக்கு ஆற்றி, நன்கு கழுவித் தூய்மை செய்த போத்தலில் ஊற்றி, குப்பியில் உள்ளதை அதில் விடுவார்கள். வாயை இறுக மூடுவதில்லை; பொங்கும் வாயு வெளியேற வேண்டும், தூசி உள்ளே போகக்கூடாது. இடையிடையே குலுக்கிவிடுவார்கள், பெருகும் காலத்தில் மதுவத்துக்கு ஒட்சிசன் வேண்டும். ஒன்றிரண்டு நாளில் நுரை எழுந்து அடங்கும். பின்பு குளிரில் வைத்தால் வெண்மையான மண்டி அடியிற் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு, மண்டியை மட்டும் பெரிய ஊறலுக்கு இடுவார்கள். குளிரில் இருந்ததை உடனே வெப்பமான சாற்றில் விடலாகாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்தபின்னரே கூட்ட வேண்டும்.

இதனைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்க அப்புத்தளைப் பெரியம்மா பழசைத் துணியில சுத்தி மடியில வச்சிக்கிட்டுத்தான் இருப்பா" என்றார். இதில் உண்மை இருக்கிறது. பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருப்பது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். பதுளையில் இரவு கரைத்த மா விடியுமுன் பானையின் வாயை எட்டும். அப்புத்தளையின் தைமாதக் குளிரில் அதே மா நண்பகல்வரை அசையாது கிடக்கும். அங்குள்ள பெண்கள் பானையைக் கம்பளியால் மூடி அடுப்போரத்தில் வைப்பார்கள். மாக் கரைப்பதற்கு முன்பகலிலேயே, பழசிற் சிறிது சீனியும் இளஞ்சூட்டு நீரும் ஒரு கரண்டி மாவும் சேர்த்து அதனை 'எழுப்பி' விடுவார்கள். கனடாவின் சிறு ஊறலுக்கும் இதற்கும் வேற்றுமை யாது?

நான் கொன்ற பழசு மீண்டும் எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்லவில்லை. தாயார் தோட்டத்தை விட்டு என்னுடன் பதுளைக்கு வரும்போது, தம் லயத்திலிருந்த ஒரு பெண்ணுக்குப் பழசில் ஓர் அகப்பை கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவள் இன்னும் வைத்திருப்பாளா என்பது ஐயமே. எரிபொருள் இல்லாத அந்நாட்களில் பேருந்தும் அரிதாகவே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி வழி பேருந்திலும் பாதி வழி நடந்தும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவள் என்னைக் கண்டதும் சிரித்தாள். "அக்கா மறுபடியும் கேப்பாங்கன்னு தெரியும் சார், ஆனா நீங்க கேட்டு வருவீங்கன்னு நெனைக்கல" என்று ஒரு ஜாம் போத்தலில் ஊற்றித் தந்தாள். நானும் மூடியை இறுகத் திருகிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் பைக்குள் ஒரு வெடிச்சத்தம். பாதிப் பழசு என் வேட்டியில். மீதிப் பாதியே இப்போது எங்கள் அடுப்படியில் இருப்பது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'உறையிடுதல்', 'உறைகுத்துதல்', 'பிரைகுத்துதல்' என்பன பாலுக்கு மோரிடும் செயலைக் குறிப்பன. உயிருள்ள பழையதைப் புதியதில் இடுதல் என்னும் அளவில் பொருந்தும். ஆயினும் பால்போல் பார்லிச் சாறு உறைவதில்லை. 'உறைதல்' என்பதற்குத் தங்குதல் என்ற பொருளும் உண்டு, மதுவம் அதில் குடிபுகுந்து தங்குகிறது என்று வலிந்து கொள்ளலாம். வலிந்து கொள்வது எனக்கு உடன்பாடன்று. 'எறிதல்', 'வீசுதல்' என்பன ஆங்கிலத்தின் நிழல்கள். பழந்தமிழர் கள்ளை ஆக்குவதைச் சோறு ஆக்குவதுபோல் 'அடுதல்' என்றே வழங்கினர். வீட்டில் அட்ட நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்று பெயர். முளையடையைக் களியோடு சேர்க்கும் செயலுக்குப் பெரும்பாணாற்றுப்படை ஆளும் வினை 'அளாவுதல்'. அஃதே தக்கது என்று முடிவுசெய்தேன். 'சாற்றை ஆற்றி மதுவத்தை அளாவுக' என்று எழுதினால் ஐயத்திற்கிடமில்லை. களி என்னும் சொல்லுக்குக் கூழ் என்றும் கள்மயக்கம் என்றும் இரு பொருள் இருப்பதையும் கடிதத்திற் குறித்தேன். இரண்டும் ஆறவேண்டியவை என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். உபதேசமாகத் தோன்றியது, அடித்துவிட்டேன். அவன் தந்தையாரைப் பற்றியும் என் தந்தையாரைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. குடியளவைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

மறுமொழி தை பிறந்தபின் வந்தது. மாதத்துக்கு ஒரு தடவைதான் காய்ச்சுகிறானாம். அதிலும் பாதிக்குமேல் அயலாருக்குப் போய்விடுகிறதாம். "எங்கப்பா முகத்தை மறக்காமத்தான் ஐயா குடிக்கிறேன்" என்று எழுதியிருந்தான். அந்த வரியை நான் இன்னும் பலமுறை படிக்க வேண்டும்போலும். மண்டியை வீணாக்காமல் மனைவி அதில் அப்பத்துக்கு மாக் கரைத்துப் பார்த்தாளாம். அப்பம் வந்ததாம், ஆனால் ஊர்ப் புளிப்பு இல்லையாம். தூய மதுவத்தில் அப்புளிப்பு வராது. பானையில் மதுவத்தோடு கூடி வாழும் பற்றீரியாவின் கொடை அது. 'அளாவுதல்' என்னும் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொன்னானாம். அவர்கள் அதனை ஏற்கவில்லை. கடிதத்தில் நான் இடையே எழுதியிருந்த பாட்டியின் சொல்லே அவர்களுக்குப் பிடித்ததாம். இப்போது அவ்வீட்டில் 'பழசு ஊத்துறது' என்பதே வழக்கு. பண்டிதர்க்கு இப்படித் தோல்வி நேர்வது புதிதன்று.

கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. நோர்வே நாட்டு உழவர்கள் தம் வீட்டு மதுவத்தை மரத்தாற் செய்த வளையங்களிலும் துணியிலும் தோய்த்துக் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்களாம். காய்ந்தது மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, இனிப்புச் சாற்றில் இட்டவுடன் எழுந்துவிடுமாம். அதுபோலப் பாட்டியின் பழசைத் துணியில் உலர்த்தி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தான்.

தாயாரிடம் சொன்னேன். இது அவருக்குப் புதிய செய்தியன்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட குடும்பங்களில் என் சித்தியின் குடும்பமும் ஒன்று. 1982இல் பதுளையிற் கோச்சி ஏறி, தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேசுவரம் வழியாக நீலகிரிக்குப் போனார்கள். புகையிரத மேடையெங்கும் அழுகுரல். தாயார் அன்று தங்கையின் கையிற் கொடுத்தது, பழசைப் பூசிக் காயவைத்து நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துணி. பானையைக் கொண்டுபோக வழியில்லை. இரண்டு மாதங் கழித்து வந்த சித்தியின் முதற் கடிதத்தில், துணியை வெந்நீரில் ஊறப்போடச் சொல்லி அயலவள் கூறியதாகவும், தான் மறுத்து இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்ததாகவும், மூன்றாம் நாள் குமிழி கண்டதாகவும் இருந்தது. இரண்டாண்டில் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

இப்போது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக் கிடக்கிறது. வெயிலில் போடலாமே என்றேன். சூடு ஆகாது, நிழற் காற்றில்தான் காய வேண்டும் என்று தாயார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். இரண்டு நாளாக நமுனுகுலை மலையை மேகம் மூடியிருக்கிறது, காற்றிலும் ஈரம். மாலையில் அவர் துணியின் ஓரத்தைத் தூக்கி விரலாற் சுரண்டிப் பார்த்தார். இன்னும் ஒட்டுகிறது. மறுபக்கம் திருப்பிப் போட்டு, நான்கு மூலையிலும் நான்கு சிறு கற்களை வைத்துவிட்டு உள்ளே போனார்.